சீலுக்கு முன்னால் ஷாஃப்ட்டைப் பாருங்கள்

பழைய கார் நிற்கும் வீட்டு வாசலில் கோலம் ஒரு பக்கம், எண்ணெய் வட்டம் ஒரு பக்கம். இன்ஜின் ஆயில் என்றால் கறுப்பாகத் தெரியும். லேசாகச் சிவப்போ செம்பழுப்போ கலந்து, விரலில் மெல்லிசாக வழுக்கினால் அது பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங் ஆயில். ஒர்க்‌ஷாப்பில் பதில் தயாராக இருக்கும்: "சீல் போயிடுச்சு சார், மாத்திட்டாப் போதும்." மாற்றுவார்கள். ஆறு மாதம் தாங்கும். பிறகு அதே இடத்தில் அதே வட்டம்.

சீல் என்பது ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையம். அந்த ரப்பர் வயதாகி இறுகிப்போவது உண்மைதான். ஆனால் புது சீலும் சீக்கிரம் ஒழுகுகிறது என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. சீலின் உதடு உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டில் வரி விழுந்திருக்கும். இல்லையென்றால் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்து ஷாஃப்ட் ஆடும். அதுவும் இல்லையென்றால் அழுக்கு ஆயில், தப்பான ஆயில், தப்பான சீல். இவற்றைப் பார்க்காமல் புது சீல் அடிப்பது ஒழுகும் கூரைக்கு அடியில் பாத்திரம் வைத்த கதை.

இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு விடுமுறை நாள், ஒரு நல்ல வைஸ், சர்க்ளிப் (காடியில் உட்காரும் பூட்டு வளையம்) கழற்றும் பிளையர், வெர்னியர், டிராப் ஆர்ம் (ஸ்டீயரிங் பாக்ஸின் அடியில் சக்கரங்களைத் திருப்பும் கை) கழற்றும் புல்லர், இரண்டு ஜாக் ஸ்டாண்ட் போதும். கான்டெஸ்ஸா, பென்ஸ் 123, பென்ஸ் 124, 90-களின் எஸ்டீம் என்று நம் பக்கம் இன்னும் ஓடும் பழைய வண்டிகளில் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கின் அடிப்படை ஒன்றேதான். அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் 1920-களிலேயே உருவாக்கிய ஏற்பாடு அது; 1951-ல்தான் கிரைஸ்லர் இம்பீரியலில் விற்பனைக்கு வந்தது. பெல்ட்டில் ஓடும் பம்ப், அதிலிருந்து பிரஷர் ஹோஸ், ஸ்டீயரிங்கைத் திருப்பும் பக்கம் ஆயிலைத் தள்ளிவிடும் வால்வு, அதில் தள்ளப்படும் பிஸ்டன், திரும்பி டேங்குக்கு வரும் ரிட்டர்ன் ஹோஸ். பிஸ்டன் ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் இருந்தால் பாக்ஸ் வகை (பென்ஸ் 123, 124), சக்கரங்களைத் தள்ளும் பல் கம்பியான ரேக்கின் மேலேயே இருந்தால் ரேக் வகை (எஸ்டீம்).

நேராக ஓடும்போது இந்தச் சுற்றில் பிரஷர் சில பார்தான். பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பிடிக்கும்போது பல வண்டிகளில் 60-லிருந்து 100 பார் வரை ஏறும். டயரில் இருக்கும் காற்று 2 பார் சொச்சம் என்பதை நினைத்துக்கொண்டால் போதும். வாசலில் வண்டியை ஒடித்து நுழைக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் சீலுக்கு உண்மையான சோதனை.

ஒழுக்கு எங்கிருந்து என்று கண்டுபிடிக்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். ஆயில் கீழே இறங்கும், ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டும் இடத்துக்கும் கிளம்பும் இடத்துக்கும் ஒரு முழம் தூரம்கூட இருக்கலாம். பம்ப், பாக்ஸ், ஹோஸ், சுற்றியுள்ள கிராஸ் மெம்பர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் அல்லது டீசல் தொட்ட பிரஷ்ஷால் கழுவுங்கள். சோப்புத் தண்ணீரில் அலசிக் காய விடுங்கள். காய்ந்ததும் சந்தேகமான ஜாயிண்டுகளில் முகப் பவுடரைத் தூவுங்கள். ஒருவர் இன்ஜினை ஓட்டி ஸ்டீயரிங்கை இருபக்கமும் மெதுவாகத் திருப்ப, மற்றவர் டார்ச்சோடு பார்க்க வேண்டும். பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் இடம். பல இடங்கள் நனைந்திருந்தால் எல்லாவற்றிலும் மேலே இருப்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஒவ்வொரு ஒழுக்குக்கும் ஒரு முகம் உண்டு. பெல்ட், பானெட்டின் அடிப்பக்கம், பக்கத்து ஸ்பிளாஷ் ஷீல்டு எல்லாம் வட்டமாகத் தெறித்திருந்தால் பம்ப் ஷாஃப்ட் சீல். பாக்ஸின் கீழே டிராப் ஆர்ம் மேல் ஈரம் இருந்தால், அந்த ஆர்மைத் திருப்பும் செக்டர் ஷாஃப்ட்டின் அடி சீல். ஸ்டீயரிங் காலம் வந்து சேரும் இடம் ஈரமென்றால் மேல் சீல். ரேக் வகையில் ரேக்கின் முனையை மூடும் ரப்பர் உறையை (பூட்) அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் குலுங்கினால் ரேக்கின் கடைசி சீல் போயிருக்கிறது. புது பூட் போடுவது அதற்கு மருந்தல்ல. பிரஷர் ஹோஸில் இரும்பு முனையை ரப்பரோடு அமுக்கிய இடத்தில் வியர்த்தாற்போல் இருந்தால் ஹோஸின் ஆயுள் முடிந்தது. பாக்ஸுக்கு மேலேயே டேப்பட் கவர் கேஸ்கெட் ஒழுகி, அந்தக் கறுப்பு ஆயில் பாக்ஸில் வடிந்து, பாவம் பாக்ஸ் பழி சுமப்பதும் அடிக்கடி நடக்கும்.

ஏமாற்றும் ஒன்று இருக்கிறது: டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ஓ ரிங் என்ற ரப்பர் வளையம். இன்ஜின் ஓடும்போது அந்த இடம் உறிஞ்சும் பக்கம். ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். டேங்கில் நுரை கட்டும், பம்ப் முனகும். இன்ஜினை நிறுத்திய பிறகுதான் அந்த வழியாகச் சொட்டும். பகலில் தேடினால் கிடைக்காமல் விடியற்காலையில் வட்டம் போடும் ஒழுக்கு இது. முனகலைக் கேட்டுப் பம்பையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு. கைக்காசுக்குக் கிடைக்கும் ஒரு ஓ ரிங்கில் முடிய வேண்டிய வேலை.

சீலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் வைன்ஹைம் ஊரில் ஃப்ராய்டன்பெர்க் என்பது 1849-லிருந்து தோல் பதனிட்ட நிறுவனம். ஷாஃப்ட் சீலை அவர்கள் 1929-ல் முதலில் செய்தது தோலில்தான்; செயற்கை ரப்பர் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோலோடு வாழ்ந்த வடாற்காட்டுக்காரர்களுக்கு இது அந்நியமான செய்தியல்ல. எண்ணெயில் ஊறிய தோல் வளையும், உயவு பிடித்துக்கொள்ளும், ஷாஃப்ட்டை மெதுவாகத் தழுவும். ரப்பர் சீலும் அதே வேலையைத்தான் செய்கிறது. உதட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையில் மிக மெல்லிய ஆயில் படலம் எப்போதும் இருக்க வேண்டும். படலம் இல்லையென்றால் உதடு கருகும். அதிகமானால் சொட்டும்.

ரப்பர் மிருதுவானது, ஷாஃப்ட் கெட்டி எஃகு. பிறகு ஷாஃப்ட்டில் எப்படி வரி விழுகிறது? தூசிதான் காரணம். பாலாற்று மணலின் நுண்துகள் உதட்டில் பதிந்துகொண்டால் அந்த உதடு சாணைக்கல் ஆகிவிடும். பழைய சீலைக் கழற்றியதும் ஷாஃப்ட்டைத் துடைத்து, நகத்தை நீளவாக்கில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பளபளவென்ற கோடு மட்டும் தெரிந்து நகம் சிக்கவில்லையென்றால் கவலையில்லை. நகம் சிக்கினால் புது சீல் அங்கே நிற்காது.

சிக்கினால் மூன்று வழி. சீல் உட்காரும் குழியில் ஆழம் இடம் கொடுத்தால், புது சீலை 1 அல்லது 1.5 மி.மீ. முன்னே பின்னே அடித்து உதட்டை வரி இல்லாத இடத்தில் உட்கார வைப்பது முதல் வழி. செலவில்லாதது, ஆனால் ஆயில் வழித் துளையை மறைக்காமல், சர்க்ளிப் காடியை நெருக்காமல் இருக்க வேண்டும். இரண்டாவது, ஷாஃப்ட்டின் மேல் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஏற்றுவது. ஸ்பீடி ஸ்லீவ் என்று பேரிங் கடைகளில் கேட்டால் தெரியும். சுவர் கனம் 0.28 மி.மீ.தான் என்பதால் அதே அளவு சீலையே போடலாம். ஆனால் இது பம்ப் ஷாஃப்ட் போல் சுற்றும் இடத்துக்குத்தான். 80 பார் அடிக்கும் செக்டர் ஷாஃப்ட்டில் ஸ்லீவின் அடியிலேயே ஆயில் நுழைந்துவிடக்கூடும். அங்கே மூன்றாவது வழிதான்: ஹார்டு குரோம் ஏற்றி, மறுபடி கிரைண்ட் செய்து பழைய அளவுக்குக் கொண்டுவருவது. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் லேத், கிரைண்டிங் வேலை தெரிந்த கைகள் நிறைய. கொடுக்கும்போது "சீல் ஓடும் இடம், வரி இல்லாம பிளஞ்ச் கிரைண்டிங்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கல்லைப் பக்கவாட்டில் நகர்த்தி கிரைண்ட் செய்தால் கண்ணுக்குத் தெரியாத திருகு மரை விழும். ஷாஃப்ட் சுற்றும்போது அந்த மரை ஆயிலைக் குட்டி பம்ப் போல வெளியே தள்ளும்.

அதே காரணத்தால்தான் வீட்டில் எமரி போடுபவர்களும் கெடுத்துவிடுகிறார்கள். ஷாஃப்ட்டை நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் ஒரு வாய்க்கால். 800 நம்பர் வாட்டர் பேப்பரை அரை அங்குலப் பட்டையாக வெட்டி, ஆயில் தொட்டு, ஷாஃப்ட்டைச் சுற்றி மோர் கடைவது போல இருபக்கமும் இழுங்கள். பட்டை ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கண்ணாடி போல ஆக்கவும் கூடாது. ஆயில் படலம் பிடித்துக்கொள்ள லேசான சொரசொரப்பு வேண்டும். கணக்கில் சொன்னால் 0.2-லிருந்து 0.8 மைக்ரான்.

ஷாஃப்ட் சரியாக இருந்தும் ஆடினால்? பம்ப் ஷாஃப்ட்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. சீலின் உதடு ஒரு பக்கம் அழுந்தி, மறுபக்கம் விலகும். எந்த சீலும் அதைச் சமாளிக்காது. பேரிங்கின் மேல் நம்பர் இருக்கும். 6203 என்றால் 17×40×12. எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும்.

சீல் வாங்கும்போது இன்னொரு கண்ணி. சீலின் முகத்தில் 28×40×7 என்பது போல மூன்று எண்கள் இருக்கும்: ஷாஃப்ட் அளவு, குழி அளவு, அகலம். கடைக்காரர் அதே எண்களைப் பார்த்துச் சாதாரண டி.சி. வகை சீலைக் கொடுப்பார். அளவு கச்சிதமாகப் பொருந்தும், வண்டி நகர்ந்ததும் ஒழுகும். டி.சி. வகை கியர் பாக்ஸ், ஹப் போன்ற பிரஷர் இல்லாத இடங்களுக்கானது. அரை பார் கூடத் தாங்காது. பவர் ஸ்டீயரிங்கில் உதடு குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கும் பிரஷர் சீல் வேண்டும். இந்த வகையில் பல சீல்களின் மேல் பி.ஏ.பி.எஸ்.எல். என்ற ஐந்து எழுத்துக் குறி இருக்கும். செக்டர் ஷாஃப்ட்டில் அதற்குப் பின்னால் தாங்கி வாஷர், அதற்கும் வெளியே தூசி சீல், கடைசியில் சர்க்ளிப் என்று அடுக்கு இருக்கும். எது எந்த வரிசையில் வந்ததோ அதைப் போனில் படம் எடுத்துவிட்டுத்தான் அடுத்ததைக் கழற்ற வேண்டும். வேலூரில் கிடைக்காத கிட், சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ கிடைக்கலாம், பழைய பாக்ஸே வேண்டுமென்றால் புதுப்பேட்டை. பிரிப்பதற்கு முன்னாலேயே கிட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த பாக்ஸ் டிரேயில் இரண்டு வாரம் காத்திருந்தால் ஷாஃப்ட்டில் துரு பிடிக்கும்.

ரப்பரின் ஜாதியும் முக்கியம். சாதாரண நைட்ரைல் 100 டிகிரி வரை நன்றாக உழைக்கும். கத்திரி வெயிலில் வேலூரில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும்போது, எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருக்கும் பம்புக்கு அந்த எல்லை தூரமில்லை. கிடைத்தால் எச்.என்.பி.ஆர். அல்லது வைட்டான் வாங்குவது நல்லது. ஈ.பி.டி.எம். ரப்பர் பிரேக்குக்கானது, பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயிலில் ஊறினால் உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். மாறாக, நைட்ரைல் சீலில் பிரேக் ஆயில் தடவி ஏற்றுவது அதற்கு விஷம் வைப்பது. தடவ வேண்டியது ஏ.டி.எஃப். அல்லது வாசலின்.

ஓ ரிங்கைப் பழைய ஓ ரிங்கை வைத்து அளக்காதீர்கள். அது நாட்பட்டு அமுங்கித் தட்டையாகியிருக்கும். குழியின் ஆழத்தை அளந்து, அதைவிடக் கனமான வளையம் போட வேண்டும். குழி 2.0 மி.மீ. ஆழம் என்றால் 2.5 மி.மீ. வளையம்: 0.5 அமுங்கும், அதாவது 20 சதவிகிதம். அசையாத இடத்துக்கு 15-லிருந்து 25 வரை சரி. விட்டம் கொஞ்சம் சின்னதாக இருந்தால் இழுத்துப் போடலாம், 5 சதவிகிதத்துக்குள். ஓ ரிங் இருக்க வேண்டிய இடத்தில் சிலிக்கான் பசையை அப்பும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். உள்ளே பிதுங்கிய பசை பிய்ந்து போய்ப் பம்பின் வால்வில் அடைத்துக்கொள்ளும். ஒழுக்கு நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பதும் அப்படித்தான்; இறுகிய ரப்பரை உப்ப வைத்துச் சில மாதம் ஓட்டும், பிறகு இன்னும் மோசமாக்கும்.

இனிக் கழற்றுவது. ஆடி மாதக் காற்றில் வாசலில் வைத்துப் பிரிக்காதீர்கள். வண்டியிலிருந்து கழற்றுவது வெளியே, பிரிப்பது உள்ளே, நியூஸ் பேப்பர் விரித்த மேஜையில். பனியன் வேஸ்ட்டால் உள் பாகங்களைத் துடைக்கவும் கூடாது. ஒரு நூல் போதும் வால்வு சிக்க. மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, ஆயில் தடவி மூடி வைக்க வேண்டும்.

பம்பில் முதலில் புல்லி. புல்லர் வைத்துத்தான் இழுக்க வேண்டும், சுத்தியலால் தட்டினால் பின்னால் இருக்கும் பிளேட் உடையும். உட்ரஃப் சாவி விழுந்து தொலையாமல் எடுத்து வையுங்கள். பின் மூடியைத் திறப்பதற்கு முன் மூடி, வளையம், உடம்பு மூன்றுக்கும் குறுக்கே பெயிண்டில் ஒரு கோடு. உள்ளே நடுவில் ரோட்டர், அதன் காடிகளில் சின்னச் சின்னத் தகடுகள், சுற்றி முட்டை வடிவ வளையம். தகடுகளின் உருண்ட ஓரம் வெளியே பார்த்து, வளையத்தைத் தொட வேண்டும். மாற்றிப் போட்டால் பம்ப் சுற்றும், பிரஷர் வராது. வளையத்தில் அம்புக்குறி இருந்தால் அது சுற்றும் திசை. தகடு காடியில் தன் எடையிலேயே இறங்க வேண்டும். வளையத்தின் உள்முகத்தில் அலையலையாகத் தேய்மானம் கைக்குத் தெரிந்தால் சீல் கிட் அந்தப் பம்பைக் காப்பாற்றாது, வேறு பம்ப் தேடுங்கள்.

பக்கத்தில் ஒரு போல்ட்டுக்குள் ஃப்ளோ வால்வு, ஸ்பிரிங்கோடு. பம்பைச் சாய்த்தால் வால்வு தானாக வழுக்கி வர வேண்டும். தட்டினால்தான் வருகிறது என்றால் ஓரத்தில் பிசிர். 2000 நம்பர் பேப்பரில் ஆயிலோடு சுற்றித் தேய்த்து எடுங்கள். இந்த வால்வு சிக்கும்போதுதான் ஒரு நாள் ஸ்டீயரிங் இலகுவாகவும் மறுநாள் கல்லாகவும் இருக்கும்.

புது சீலை ஏற்றும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்க்க வேண்டும். சீலின் வெளி விட்டத்தைவிட ஒரு மி.மீ. குறைவான சாக்கெட்டையோ பி.வி.சி. பைப் துண்டையோ வைத்து வைஸில் நேராக அமுக்குங்கள். சாய்ந்து போனால் வெளியே எடுத்துவிட்டுப் புதியது. ஷாஃப்ட்டின் சாவிக் காடியும் பல் வரிசையும் கத்தி போல இருக்கும். உதட்டை அறுக்காமல் இருக்க அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக்கைச் சுருட்டி, ஆயில் தடவி, அதன் மேல் சீலை நழுவ விட வேண்டும். இதற்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை விட நல்லது எதுவும் இல்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கும் வேலூரில் அது பீரோ மேல் இல்லாத வீடு எது?

பாக்ஸில் முதல் விதி: டிராப் ஆர்மையும் ஷாஃப்ட்டையும் சென்டர் பஞ்சால் குறி வைக்காமல் கழற்றாதீர்கள். ஒரு பல் மாறினால் ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்கும். நட்டைத் தளர்த்தி, முழுக்க எடுக்காமல், புல்லரை இறுக்கி, டிராப் ஆர்மின் தலையில் பக்கவாட்டாக ஒரு தட்டு. 'டங்' என்று விடும். நட்டு அங்கேயே இருந்தால் ஆர்ம் காலில் விழாது.

அடி சீலை மட்டும் மாற்ற பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. சர்க்ளிப்பை எடுத்து, தூசி சீலையும் வாஷரையும் கொக்கி போட்டு எடுத்து, பிரஷர் சீலையும் அப்படியே எடுக்கலாம். இன்ஜினை ஓட்டி ஆயில் பிரஷராலேயே சீலை வெளியே தள்ளும் குறுக்கு வழி ஒன்று உண்டு. வேலை செய்யும்தான், ஆனால் ஒரு லிட்டர் ஆயில் முகத்தில் அடிக்கும். சொந்த விருப்பம்.

பாக்ஸை முழுக்கப் பிரிப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஸ்டீயரிங்கோடு சுற்றும் திருகு மரை போட்ட வார்ம் ஷாஃப்ட்டில் ஓடும் நட்டுக்குள் வரிசையாகக் குண்டுகள் சுற்றும். ஒழுக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. நட்டைக் கடைசி வரை சுற்றி வெளியே எடுத்தால் குண்டுகள் சிதறும். அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். அடுத்து, வால்வின் மேல் இருக்கும் டெஃப்லான் வளையங்கள். ரப்பர் போல இழுத்துப் போட முடியாது. கொதிக்கப்போகும் தண்ணீரில் சில நிமிடம் போட்டு, மென்மையானதும் கையால் விரித்துக் காடியில் ஏற்ற வேண்டும். ஏறியதும் பெரிதாகத் தொங்கும்; அப்படியே பாக்ஸுக்குள் தள்ளினால் ஓரம் நறுக்கிவிடும். மெல்லிய தகட்டை வளையங்களின் மேல் சுற்றி, கேபிள் டையால் இறுக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் பழைய அளவுக்குச் சுருங்கும். பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் கிட்டைப் பாழாக்குவார்கள்.

மூடிய பிறகு மேலே இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். ஸ்டீயரிங்கில் இருக்கும் ஆட்டத்தையெல்லாம் அதை இறுக்கி எடுத்துவிடலாம் என்று தோன்றும். பல் வரிசை நடுவில் மட்டும்தான் இறுக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதனால் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதியில் நிறுத்தி, அங்கே வைத்துத்தான் சரி செய்ய வேண்டும். வண்டியின் மேனுவல் சொல்லும் அளவை ஸ்பிரிங் தராசால் பார்க்கலாம். நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளிக் கட்டி இழுத்தால், தராசில் 1 கிலோ என்பது ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர். அதிகமாக இறுக்கினால் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது, வார்மும் தேயும். ஆட்டம் பெரும்பாலும் டை ராட் எண்டிலும் ஐட்லர் ஆர்ம் புஷ்ஷிலும்தான் இருக்கும்.

ரேக்கைப் பற்றிச் சுருக்கமாக. பூட்டைக் கழற்றி ரேக் கம்பியைத் துடைத்து, சீல் ஓடும் நீளம் முழுக்கப் பாருங்கள். கிழிந்த பூட்டில் மழைத் தண்ணீர் நின்று புள்ளி புள்ளியாகத் துரு தின்றிருந்தால், ஹார்டு குரோம் அல்லது வேறு ரேக். இரண்டும் இல்லாமல் கிட் வாங்குவது தண்டம். கம்பி சுத்தமாக இருந்தால் செய்யலாம். பல் பக்கத்தின் மேல் அதே எக்ஸ்ரே ஃபிலிம், அதன் மேல் சீல்.

ஹோஸுக்கு வருவோம். ஜே.சி.பி., டிராக்டர்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் செய்யும் கடையில் பழைய முனைகளைக் கொடுத்தால் புதுசு செய்து தருவார்கள். ஒற்றைக் கம்பிவலை ஆர்1 ஹோஸ், 3/8 அங்குலம், 180 பார் தாங்கும், பிரஷருக்குத் தாராளம். ஆனால் அது விறைப்பானது. ஒரிஜினல் பவர் ஸ்டீயரிங் ஹோஸ் வேண்டுமென்றே கொஞ்சம் உப்பும்படி செய்யப்பட்டது. பம்பின் துடிப்பை அதுதான் விழுங்குகிறது. விறைப்பான ஹோஸ் போட்டால் ஒழுகாது, ஸ்டீயரிங் ஒடிக்கும்போது முனகும். முனகலைப் பொறுப்பதா, ஒரிஜினலைத் தேடுவதா என்பது அவரவர் காது. மரையிலும் கவனம்: எம்16×1.5-ம் 3/8 பி.எஸ்.பி. என்ற பைப் மரையும் கண்ணுக்கு ஒன்றேதான். பின்னதின் விட்டம் 16.66 மி.மீ., மரை இடைவெளி 1.337. ஒன்றில் மற்றது இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் பாக்ஸின் மரையைத் தின்றுவிடும். மரை இடைவெளி அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். காப்பர் வாஷர் எப்போதும் புதுசு. ரிட்டர்ன் பக்கத்துக்குப் பெட்ரோல் ஹோஸ் போதும் என்பார்கள், சூடான ஏ.டி.எஃப்.-க்குத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

மேனுவல் வேறு சொல்லாவிட்டால் பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். கொள்ளளவு சுமார் ஒரு லிட்டர்தான், ஆனால் 3 லிட்டர் வாங்குங்கள், ஃப்ளஷ்ஷுக்கும் சேர்த்து. டேங்குக்குள் ஃபில்டர் இருந்தால் புதுசு போடுங்கள். முன் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு, டேங்கின் அந்த முனையை அடைத்து, இன்ஜினை ஓட்டாமல் ஸ்டீயரிங்கை இருகோடிக்கும் திருப்ப வேண்டும். ஒருவர் டேங்கில் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். டேங்க் காலியானால் காற்று போகும். சுத்தமான சிவப்பு வந்ததும் ஹோஸை மாட்டுங்கள். கழிவு ஆயிலைக் கால்வாயில் விடாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். பாலாறு பட்டது போதும்.

காற்று எடுப்பதும் இன்ஜின் ஓடாமல்தான் தொடங்க வேண்டும். கோடியிலிருந்து கோடி வரை 15, 20 தடவை மெதுவாக; அளவு இறங்க இறங்க ஊற்ற வேண்டும். பிறகு ஐட்லிங்கில் அதே. டேங்கில் ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள், குமிழிகள் தானே மேலே வரும். கோடியில் 5 விநாடிக்கு மேல் பிடித்து நிற்காதீர்கள். ரிலீஃப் வால்வு திறந்து அதே ஆயிலே சுற்றிச் சுற்றிக் கொதிக்கும். புது சீலின் முதல் நாளே அதன் கடைசி நாள் ஆகும்.

பெல்ட்டில் ஆயில் ஊறியிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றுங்கள். நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் 10 மி.மீ. அளவுக்கு இறங்கலாம். டை ராடைக் கழற்றியிருந்தால் அலைன்மெண்ட் கட்டாயம்.

முதல் வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். பிறகு ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினால் ஆயில் நன்றாகச் சூடாகும், இருபக்கமும் முழு பிரஷர் விழும். இறங்கியதும் பானெட்டைத் திறந்து சூட்டோடு அளவு பாருங்கள். ரிட்டர்ன் ஹோஸ் கிளிப்பை இன்னும் கால் சுற்று இறுக்குங்கள், முதல் சூட்டில் ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும். ராத்திரி வண்டிக்கடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்து, சக்கரங்களின் இடத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள். முதல் இரண்டு நாள் விழும் சொட்டு கிராஸ் மெம்பரின் மடிப்பில் தங்கிய பழைய ஆயிலாக இருக்கலாம். மூன்றாம் நாளும் அதே குறியில் விழுந்தால், பவுடர் டப்பாவை மறுபடி எடுத்துக்கொண்டு மேலிருந்து தொடங்க வேண்டியதுதான்.